கைநாட்டு வைத்தாலும் கேள்வி கேட்கலாம்

நம் தெருவில் ஒரு சாவு விழுந்தால், துக்கம் கேட்க வந்தவர்கள் பேசும் பேச்சில் ஓர் ஆஸ்பத்திரிக் கதை இருக்கும். டாக்டர் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது என்பார்கள். பேச்சு நிலத் தகராறு பக்கம் திரும்பினால் வக்கீல் கதை வரும். ஆறு வருடம் வாய்தாவுக்கு வாய்தா பணம் கொடுத்தோம், கடைசியில் பார்த்தால் கேஸ் எப்போதோ தள்ளுபடி ஆகியிருக்கிறது என்பார்கள். இரண்டு கதையும் ஒரே இடத்தில் போய் முடியும்: "படிச்சவங்கள நாம என்னத்தக் கேக்குறது?"

ஹரியானாவில் கூலி வேலை செய்து பிழைத்த ஒரு பெண் கேட்டார். ஏழு பிள்ளைகளுக்குத் தாய். அரசின் குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டத்தின்கீழ் குர்கான் அரசு மருத்துவமனையில் 1988 பிப்ரவரியில் கருத்தடை அறுவை சிகிச்சை செய்துகொண்டார். இனிப் பிள்ளை பிறக்காது என்று சொல்லி அனுப்பினார்கள். பிறகும் கர்ப்பமானார். பெண் குழந்தை பிறந்தது. வழக்கு போட்ட பிறகுதான் உண்மை வெளியே வந்தது. வலப்பக்கக் கருக்குழாயில் மட்டுமே அறுவை செய்திருந்தார்கள், இடப்பக்கக் குழாயைத் தொடவே இல்லை.

அரசுத் தரப்பு என்ன பதில் சொன்னது என்பதை நாம் கவனிக்க வேண்டும். அறுவை சிகிச்சை பலிக்காமல் போனால் நஷ்டஈடு கேட்கமாட்டேன் என்று எழுதிய தாளில் இந்தப் பெண்ணே கைநாட்டு வைத்திருக்கிறார் என்றார்கள். அரசு ஊழியர் செய்த தவறுக்கு அரசு பொறுப்பாகாது என்றும் வாதாடினார்கள். கீழ் நீதிமன்றம் 54,000 ரூபாயும் 12 சதவீத வட்டியும் கொடுக்கச் சொன்னது. அரசு விடவில்லை, உச்ச நீதிமன்றம் வரை போனது. 2000 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமும் அந்தத் தீர்ப்பையே உறுதி செய்தது.

அந்தக் கைநாட்டு மருத்துவமனையைக் காப்பாற்றவில்லை. நம்மிடம் ஆஸ்பத்திரியில் எத்தனை தாளில் கையெழுத்து வாங்குகிறார்கள்! படித்துக் காட்டுவது யார்? ஆபத்து வரலாம் என்று தெரிந்து சம்மதிப்பது வேறு, அஜாக்கிரதைக்குச் சம்மதிப்பது வேறு.

ஒன்றையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். கருத்தடை பலிக்காமல் போனது என்பதை மட்டும் வைத்து மருத்துவர் தவறு செய்தார் என்று சொல்லிவிட முடியாது என 2005இல் அதே உச்ச நீதிமன்றம் பஞ்சாப் வழக்கு ஒன்றில் தீர்ப்பளித்தது. ஒழுங்காகச் செய்தாலும் சில நேரம் பலிக்காது. மருத்துவர் கவனமாகப் பார்த்தும் உயிர் போவதுண்டு. ஒரு சாதாரண, தகுதியுள்ள மருத்துவர் காட்ட வேண்டிய கவனத்தை இவர் காட்டினாரா என்பதைத்தான் நீதிமன்றம் பார்க்கும். போலீஸ் வழக்கு என்றால் அளவுகோல் இன்னும் கடுமை. மிக மோசமான அலட்சியம் என்று காட்ட வேண்டும்.

இதையெல்லாம் காட்டுவதற்குத் தாள் வேண்டும். நாம் தோற்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். மருத்துவமனையில் படுத்திருந்தவரின் சிகிச்சைப் பதிவேடுகளை நோயாளியோ அவர் சார்பில் உரியவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்று மருத்துவர்களுக்கான 2002ஆம் ஆண்டு நடத்தை விதிமுறைகள் சொல்கின்றன. மூன்று ஆண்டுகள் அவற்றைப் பாதுகாத்து வைக்கவும் வேண்டும். வாயால் கேட்டால் "நாளைக்கு வா" என்பார்கள். எழுதிக் கொடுத்து, நகலில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொள்ள வேண்டும். கருமாதி முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

எங்கே போவது? தனியார் மருத்துவமனை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். மருத்துவச் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று 1995இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பணத்தைக் காப்பீட்டு நிறுவனம் கட்டியிருந்தால் அது இலவச சிகிச்சை ஆகாது என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. "நாம காசே கட்டலயே" என்று தயங்குபவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும். கட்டிய தொகை ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் புகாருக்குக் கட்டணம் கிடையாது. நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். எல்லோருக்கும் எல்லாமே இலவசம் என்று நடக்கும் அரசு மருத்துவமனைக்கு இந்த வழி பொருந்தாது. அதற்கு குர்கான் பெண் போன உரிமையியல் நீதிமன்றம் இருக்கிறது, உயர் நீதிமன்றத்தில் ரிட் மனுவும் போடலாம்.

அலட்சியம் வேறு, தீண்டாமை வேறு. தீண்டாமை காரணமாக மருத்துவமனையில் சேர்க்க மறுப்பது 1955ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் 5ஆம் பிரிவின்படி குற்றம். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015இல் செய்த திருத்தமும், ஆரம்ப சுகாதார நிலையத்துக்குள் நம்மைத் தடுப்பதைக் குற்றமாக்கியிருக்கிறது. அதற்குப் போக வேண்டியது காவல் நிலையம்.

இனி வக்கீல் கதை. வழக்கறிஞர்களை நுகர்வோர் ஆணையத்துக்கு இழுக்க முடியாது என்று 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. டாக்டருக்கு ஒரு நியாயம், வக்கீலுக்கு ஒரு நியாயமா என்று நமக்கும் கேட்கத் தோன்றுகிறது. ஆனால் வேறு வழிகள் மூடிவிடவில்லை. வழக்கறிஞர்கள் சட்டம் 35ஆம் பிரிவின்படி தமிழ்நாடு மற்றும் புதுச்சேரி பார் கவுன்சிலில் புகார் கொடுக்கலாம். கண்டிப்பு முதல் தொழிலை விட்டே நீக்குவது வரை அங்கே தண்டனை உண்டு. நஷ்டஈடு வேண்டுமென்றால் உரிமையியல் நீதிமன்றம்தான். வழக்கு தோற்றது மட்டும் புகாருக்குக் காரணம் ஆகாது. வாய்தாவுக்குப் போகாமலே இருந்தது, எதிர்த் தரப்போடு சேர்ந்துகொண்டது, நம் பணத்தைக் கையாடியது போன்றவைதான் நிற்கும்.

"பீஸ் பாக்கி இருக்கு, கட்டைக் கொடுக்கமாட்டேன்" என்று வழக்குக் கட்டைப் பிடித்து வைத்துக்கொள்வது நம் பக்கம் சகஜம். பட்டா, பழைய பத்திரம் எல்லாம் அதற்குள் சிக்கிக்கொள்ளும். பீஸ் பாக்கிக்காகக் கட்டை நிறுத்தி வைக்க வக்கீலுக்கு உரிமை இல்லை, அது தொழில் ஒழுங்கீனம் என்று 2000 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. பாக்கிக்கு அவர் தனியாக வழக்கு போட்டுக்கொள்ளலாம். வக்கீல் போகாததால் வழக்கு தள்ளுபடி ஆகியிருந்தால், அவர் தவறுக்காக ஒன்றும் அறியாத கட்சிக்காரரைத் தண்டிக்கக் கூடாது என்ற 1981ஆம் ஆண்டுத் தீர்ப்பைக் காட்டி மீண்டும் எடுக்கச் சொல்லிக் கேட்கலாம். ஆனால் தெரிந்தவுடனே கேட்க வேண்டும்.

ஒரு வக்கீல் மேல் புகார் சொல்ல இன்னொரு வக்கீலுக்குப் பணம் வேண்டுமே என்பார்கள். பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் வருமான வரம்பே இல்லாமல் இலவச சட்ட உதவி உண்டு. 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின் 12ஆம் பிரிவு தந்த உரிமை இது. தாலுகா நீதிமன்ற வளாகத்திலேயே சட்டப் பணிகள் குழு இருக்கும். தொலைபேசி 15100. சாதிச் சான்றிதழ் நகலையும் கையில் இருக்கும் மருத்துவமனைச் சீட்டு, ரசீது அத்தனையையும் எடுத்துப் போங்கள். நுகர்வோர் ஆணையத்துக்கு இரண்டு ஆண்டுதான் கெடு. வருஷத் திவசம் கழிந்து யோசிக்கத் தொடங்கினால் பாதிக் காலம் போயிருக்கும்.