ஆள்காட்டி முட்டையும் அரை சென்ட் நிலமும்!

சித்திரையில் இரண்டு மழை கிடைத்தது. பென்னாகரம் பக்கம் இருக்கும் எங்கள் மானாவாரிக் கொல்லையில் கோடை உழவுக்கு டிராக்டர் சொல்லியிருந்தோம். விவசாயம் தொழில், படம் எடுப்பது எனக்குப் பொழுதுபோக்கு. வண்டி வருவதற்குள் நாலு படம் எடுக்கலாம் என்று காலையிலேயே கேமராவோடு போனேன்.

கொல்லையில் கால் வைத்ததுமே, சிவப்பு மூக்கு ஆள்காட்டிக் குருவிகள் இரண்டு தலைக்கு மேலே கத்திச் சுற்றின. பக்கத்தில் முட்டை இருக்கிறது என்று புரிந்தது. தேடிப் பார்த்தால், வெறுந்தரையில் சின்னக் குழி, சுற்றிலும் பொடிக்கற்கள், நடுவில் நாலு முட்டைகள். மண் நிறத்தில் கறுப்புப் புள்ளிகள். மிதித்த பிறகுதான் தெரியும்.

அங்கேதான் தப்பு செய்தேன். பக்கத்திலேயே குந்தி அரை மணி நேரம் படம் எடுத்தேன். வெயில் ஏறியது, குருவிகள் கீழே இறங்கவே இல்லை. அப்போது அப்பா வந்தார். “நீ குந்தியிருந்தா அது எப்படிடா வந்து அடைகாக்கும்? முட்டை வெயில்ல வெந்துடும், எழுந்து வா” என்றார்.

வரப்புப் புங்கமரத்தடியில் போய் உட்கார்ந்தோம். கொஞ்ச நேரத்தில் ஒரு குருவி நின்று நின்று நடந்து வந்து முட்டை மேல் உட்கார்ந்தது. கடும் வெயிலில் இவை வயிற்று இறகைத் தண்ணீரில் நனைத்து வந்து முட்டையைக் குளிர வைக்கும். அடுத்த நாட்களில் வரப்பில் இருந்தே அதைப் படம் எடுத்தேன்.

டிராக்டர் வந்ததும், அப்பா நாலு குச்சி நட்டு, அரை சென்ட் இடத்தை விட்டுச் சுற்றி ஓட்டச் சொன்னார். ஆணும் பெண்ணும் மாறி மாறி 28 முதல் 30 நாள் அடைகாக்கும். பொரிந்த குஞ்சுகள் சீக்கிரமே எழுந்து ஓடத் தொடங்கும். மூன்று குஞ்சுகள் ஓடின. ஒரு முட்டை கூமுட்டையாகக் கிடந்தது. அது இன்றும் மனதை உறுத்துகிறது. மீதி இடத்தைப் பிறகு உழுதோம். ஆடி விதைப்புக்கு எந்தக் குறையும் இல்லை. வண்டு, எறும்பு, கரையான், புழு என்று பொறுக்கித் தின்னும் குருவிக்கு அரை சென்ட் பெரிய கூலியா?

திருநெல்வேலியில் பிறந்த மா. கிருஷ்ணன் (1912-1996), காட்டு யானைகளைக் கறுப்பு வெள்ளைப் படங்களாக எடுத்தவர். 1970-ல் பத்மஸ்ரீ பெற்றார். வீட்டைச் சுற்றித் திரியும் காகம், அணிலைப் பற்றியும் அதே அக்கறையோடு எழுதினார். படம் எடுக்கப் பெரிய காடு தேவையில்லை, நம் கொல்லையே போதும்.

செல்போனில் எடுப்பவர்களும் இதைக் கவனியுங்கள். கூட்டுக்குப் பக்கத்தில் போகாதீர்கள்; மறைக்கும் கிளையை ஒடிக்காதீர்கள்; குருவி கத்தினால் பின்வாங்குங்கள். காட்டுப் பறவையின் முட்டையை எடுப்பது 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

உழவுக்கு முன் கொல்லையை ஒரு சுற்று நடந்து பாருங்கள். ஆள்காட்டி கத்தினால், நாலு குச்சி நடுங்கள்.