மணக்குடிப் பொழியும் ஒரு பிடி வரப்பு மண்ணும்

பழையாற்றின் கடைமடையில் எனக்கு ஒண்ணரை ஏக்கர் வயல். வங்கி வேலையில் இருந்து ஓய்வு பெற்ற பிறகு கன்னிப்பூ, கும்பப்பூ இரண்டையும் நானே நின்று பார்க்கிறேன். கோடையில் ஆற்று வரத்து குறைஞ்சதும் மணக்குடிப் பொழி வழியாகக் கடல் மேலே ஏறும். உப்புத் தண்ணி கனமானது, அடியில் படுத்தபடியே வரும். நல்ல தண்ணி அதன்மேல் மிதக்கும். ஒரு வருஷம் மேலாகக் கோரி வாயில் வைத்துப் பார்த்துவிட்டு மோட்டாரைப் போட்டேன். ஃபுட்வால்வு கிடந்தது அடியில்!

கன்னிப்பூ நாற்று நுனி கருகியது. கடையில் வாங்கிய திரவ நுண்ணுயிர் உரத்தை மூணு தடவை விட்டும் தேறவில்லை. பக்கத்து வயல் அண்ணாச்சி கேட்டார்: "சாரே, மலையில உள்ளவனைக் கொண்டுவந்து வள்ளத்துல ஏத்தினா துடுப்பு போடுவானா?"

அந்தக் கேள்விக்குப் பதில் ஆற்றிலேயே இருக்கு. சுசீந்திரத்தில் இருந்து மணக்குடி வரை பத்து கிலோமீட்டர்கூட வராது. நல்ல தண்ணி என்றால் லிட்டருக்கு அரை கிராம் உப்புக்குள் இருக்கும், கடல் என்றால் 35 கிராம். இந்தக் கொஞ்ச தூரத்தில் தண்ணியில் வாழும் பாக்டீரியாக் கூட்டமே ஆள் மாறிப்போகும். லோசுபோன், நைட் என்ற இருவர் உலகின் பல இடங்களில் நடந்த 111 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2007-ல் எழுதினார்கள்: பாக்டீரியாக்களைப் பிரித்து வைப்பதில் வெப்பத்தைவிட, கார அமிலத் தன்மையைவிட, உப்புக்குத்தான் முதல் இடம். உப்பு, உயிரணுவுக்குள் இருக்கும் தண்ணியை வெளியே இழுக்கும். பீட்டைன் போன்ற பொருளை உள்ளே சேர்த்து ஈடுகட்டத் தெரிந்தது பிழைக்கும். தெரியாதது ஒடுங்கும்.

சேற்றிலும் இதே கதைதான். நல்ல தண்ணி வயலில் காற்றில்லாத சேற்றுக்குள் மீத்தேன் உண்டாக்கும் உயிர்கள் வேலை செய்யும். கடல் தண்ணியில் லிட்டருக்கு 2.7 கிராம் அளவுக்குச் சல்பேட் உண்டு. அது உள்ளே வந்ததும், சல்பேட்டைச் சுவாசிக்கும் பாக்டீரியாவின் கை ஓங்கும். கதம்பை அழுக்குற காயலோரத்தில் அழுகின முட்டை வாடை அடிக்குமே, அந்த ஹைட்ரஜன் சல்பைடு இவற்றின் வேலை. நெல் வேரையும் அதுதான் கறுக்க வைக்கும். உப்பு ஏறிய வயலில் ஒரு தூரைப் பிடுங்கி மோந்து பாருங்க, மண் பரிசோதனை முடிவு வருவதற்கு முன்னாலேயே விஷயம் தெரிஞ்சிடும்.

அடுத்த வருஷம் பேச்சிப்பாறைத் தண்ணி வந்ததும் வயலை மூணு தடவை நிரப்பி வடிய விட்டேன். ஜீவாமிர்தத்துக்கு வழக்கமான கணக்குதான்: 200 லிட்டர் தண்ணி, 10 கிலோ சாணம், கோமூத்திரம், வெல்லம், பயறு மாவு. ஒரு பிடி மண்ணை மட்டும் மாற்றினேன். முன்பெல்லாம் வீட்டு மாமரத்தடியில் எடுப்பேன். இப்போது உப்புப் பூத்தும் புல் பச்சையாக நிற்கிற வரப்பில், வேரோடு சேர்த்து எடுத்தேன்.

பயிர் நின்றது. கழுவினதாலா, வரப்பு மண்ணாலா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது, இரண்டையும் ஒண்ணாகச் செய்துவிட்டேன். கணக்குப் பார்த்தே காலம் தள்ளினவன் இப்படிக் குழப்பலாமா? இந்தக் கன்னிப்பூவில் வயல் முழுவதையும் ஒரே மாதிரி கழுவி, கிழக்கு ஓரத்துப் பாத்தி ஒன்றுக்கு மட்டும் மாமரத்தடி மண் போட்ட ஜீவாமிர்தம் விட்டிருக்கிறேன். அறுப்பு முடிஞ்சதும் இரண்டு எடையையும் எழுதுகிறேன்.