மாதச் சந்தா பிசினஸ்: புது கஸ்டமரைவிட பழைய கஸ்டமர் ஏன் முக்கியம்?

கூடுவாஞ்சேரி அருகே எஸ்டான்சியா ஐ.டி. பூங்காவில் வளாகம் வைத்திருக்கும் ஜோஹோ, 1996-ல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கியது. வெளி முதலீட்டாளர்களை நம்பாமல் வளர்ந்த இந்த நிறுவனம், 2005-ல் ஆன்லைன் சேவைகளில் இறங்கியது. இன்று அவற்றை மாத, வருடச் சந்தாவுக்குத் தருகிறது. இதே பாணியில் சின்ன அளவில் தொடங்க நினைப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது என்ன?

லாபம் எப்போது வரும்?

சாஃப்ட்வேரை மொத்தமாக விற்றால் காசு ஒரே தடவையில் வந்துவிடும். சந்தாவில் அப்படி இல்லை. கஸ்டமரைப் பிடிக்க ஆன செலவை எடுக்கவே சில மாதங்கள் ஆகும். அதற்குள் அவர் விலகினால் நஷ்டம்தான்.

ஒரு சின்ன கணக்கு

மாதம் 500 ரூபாய் வீதம் 100 பேர் இருந்தால் வருமானம் 50,000 ரூபாய். புதிதாக யாரும் சேராமல், மாதம் 5% பேர் விலகினால் ஒரு வருடத்தில் மிஞ்சுவது சுமார் 54 பேர். அதுவே 2% என்றால் 78 பேர்.

ஏன் விலகுகிறார்கள்?

பிடிக்காமல் போகிறவர்கள் ஒரு பக்கம். பணம் கட்டுவது தடைபட்டு விடுபடுகிறவர்கள் இன்னொரு பக்கம். ரிசர்வ் வங்கி விதிப்படி, கார்டு, யுபிஐ வழியாகத் தானாகப் பிடிக்கப்படும் சந்தா 15,000 ரூபாயைத் தாண்டினால் பொதுவாக ஒவ்வொரு முறையும் கூடுதல் சரிபார்ப்பு தேவை. எனவே பெரிய வருடச் சந்தாவைவிட சின்ன மாதச் சந்தா தடையில்லாமல் ஓடும்.

முதலில் செய்ய வேண்டியது

பத்து கஸ்டமர்களோடு தொடங்கலாம். விலகும் ஒவ்வொருவரிடமும் காரணம் கேளுங்கள். அதைச் சரிசெய்த பிறகே விளம்பரத்துக்குச் செலவிடுங்கள். ஓட்டைக் குடத்தில் எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் நிரம்பாது.