ஷாஃப்ட் உதறினால்: பிக்கப் உரிமையாளர்களுக்கு ஆபத்தும் உரிமையும் தீர்வும்

பெரும்பாலான சரக்குப் பிக்கப் வண்டிகளில் எஞ்சின் முன்னால் இருக்கிறது. இழுவை பின்சக்கரங்களில் விழுகிறது. கியர் பாக்ஸின் சுழற்சியைப் பின் ஆக்ஸிலுக்குக் கொண்டுபோவது வண்டிக்கடியில் ஓடும் நீண்ட இரும்புக் குழாய். அதுதான் புரொப்பல்லர் ஷாஃப்ட். அதன் முனைகளில் கிராஸ் எனப்படும் மூட்டுகள் உண்டு. நீளமான வண்டிகளில் ஷாஃப்ட் இரண்டு துண்டாக இருக்கும்; நடுவில் ரப்பர் மெத்தைக்குள் சென்டர் பேரிங் அதைத் தாங்கும். இந்தத் தொடரில் எங்காவது தேய்மானமோ, வளைவோ, எடைக்கோளாறோ, கோணப்பிசகோ ஏற்பட்டால் வண்டி உதறத் தொடங்குகிறது.

புதுக்கோட்டை மாவட்டம் விராலிமலைப் பக்கத்து வண்டிகளுக்கு இந்தக் கோளாறு ஒரு தனிச் சிக்கலைத் தருகிறது. திருச்சி–மதுரை தேசிய நெடுஞ்சாலை ஊரை ஒட்டியே போகிறது. காய்கறியும் பூவும் ஏற்றிக்கொண்டு விடியுமுன் திருச்சி காந்தி மார்க்கெட்டுக்கு ஓடும் வண்டி, அதே நாளில் கீரனூர்ப் பக்கமோ மணப்பாறைப் பக்கமோ வேகத்தடைகள் நிறைந்த கிராமச் சாலையிலும் ஓடுகிறது. ஷாஃப்ட் அதிர்வு பெரும்பாலும் 60, 70 கிலோமீட்டர் வேகத்தில்தான் தலைகாட்டும். ஊருக்குள் முப்பதில் ஓட்டிப் பார்க்கும் மெக்கானிக்குக் குறை தெரியாது. “வண்டி நன்றாகத்தானே இருக்கிறது” என்று சாவியைத் திருப்பித் தந்துவிடுவார். அவர் ஏமாற்றுகிறார் என்று பொருளில்லை. குறை எந்த வேகத்தில், எந்தப் பாரத்தில், எந்த கியரில் வருகிறது என்று அவருக்கு யாரும் எழுதிக் கொடுக்கவில்லை, அவ்வளவுதான். பட்டறையில் குறையைப் பிடிக்க உதவுவது அந்தக் குறிப்புதான். விவகாரம் முற்றி நுகர்வோர் ஆணையத்துக்குப் போனாலும் கைகொடுப்பது அதுவே.

அதிர்வு எங்கிருந்து வருகிறது

முதலில் பிரித்தறிய வேண்டியது சக்கரத்தின் ஆட்டத்தையும் ஷாஃப்டின் அதிர்வையும். பிக்கப் டயரின் சுற்றளவு சுமார் 2.2 மீட்டர் என்று கொண்டால், மணிக்கு 60 கிலோமீட்டரில் சக்கரம் விநாடிக்கு ஏழெட்டு முறை சுற்றும். பின் ஆக்ஸிலின் கிரவுன் விகிதம் நான்குக்கு ஒன்று என்ற அளவில் இருக்கும் வண்டியில் ஷாஃப்ட் அதைப்போல நான்கு மடங்கு, அதாவது விநாடிக்கு முப்பது முறை சுற்றும். ஆகவே டயர், ரிம் கோளாறு எண்ணிவிடக்கூடிய மெதுவான ஆட்டமாகத் தெரியும். முன்சக்கரம் என்றால் ஸ்டீயரிங் ஆடும், பின்சக்கரம் என்றால் இருக்கையும் பின்புறமும் ஆடும். ஷாஃப்ட் அதிர்வு எண்ண முடியாத விரைவில், தரையிலும் இருக்கையிலும் கியர் ராடிலும் “கிர்ர்” என்று உறுமும். தேய்ந்த ரீட்ரெடு டயர், கோணிய ரிம், தளர்ந்த சக்கர நட்டு ஆகியவற்றைப் பார்க்கச் செலவு குறைவு. அதனால் அவற்றை முதலில் பார்த்துவிடுவதே முறை.

அடுத்து எஞ்சினை விலக்க வேண்டும். அதிர்வு வரும் அதே வேகத்தை வேறொரு கியரில் எட்டிப் பார்க்க வேண்டும். கியர் மாறியும் அதே வேகத்தில் அதிர்வு வந்தால் எஞ்சினுக்குப் பங்கில்லை. குறை கியர் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கிறது. வண்டி நிற்கும்போதே ரேஸ் கொடுத்தால் உதறுகிறது என்றால் எஞ்சின் மவுண்டிங்கையோ கிளட்சையோ பார்க்கலாம். இந்தச் சோதனையை ஆளரவமற்ற, சமமான, நேர்ச்சாலையில் மட்டும் செய்ய வேண்டும். இறக்கத்தில் நியூட்ரலில் விட்டுப் பார்ப்பது உயிரோடு விளையாடுவது.

மூன்றாவது, ஆக்ஸிலரேட்டரின் சாட்சி. மிதிக்கும்போது அதிகமாகி, காலை எடுத்ததும் குறைந்தால் கிராஸ் தேய்மானமோ கோணப்பிசகோ இருக்கலாம். காலை எடுத்தபின் ஊளைச்சத்தம் எழுந்தால் பின் ஆக்ஸிலின் பினியன் பேரிங் மீது சந்தேகம் போகும். மிதித்தாலும் விட்டாலும் ஒரே மாதிரி, வேகத்தோடு மட்டும் ஏறினால் ஷாஃப்டின் எடைச் சமநிலை கெட்டிருக்கிறது. பாரத்தோடு முதல் கியரில் கிளம்பும்போது மட்டும் உதறி, பின் அடங்கிவிட்டால் சென்டர் பேரிங்கின் ரப்பர் கிழிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கியர் மாற்றும்போது “டொக்” என்று அடித்தால் கிராஸிலோ, ஷாஃப்டின் சறுக்குப் பல்லிலோ, கிரவுனிலோ ஆட்டம் விழுந்திருக்கிறது. மெதுவாக உருளும்போது சுற்றுக்கு ஒருமுறை “கீச்” என்று கேட்டால் கிராஸின் ஊசி பேரிங்குகள் கிரீஸ் வற்றிக் கிடக்கின்றன. அந்தக் கிராஸின் கப்பு விளிம்பில் செங்காவி நிறத்தில் துருத்தூள் படிந்திருக்கும். அதைப் பார்த்தபின் தள்ளிப்போடக் கூடாது.

பட்டை ஏற்றுவதால் வரும் வினை

கோளாறுகளில் மிகவும் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது கோணம். கிராஸ் மூட்டு ஒரு கோணத்தில் சுழலும்போது அதன் வெளியேறும் பக்கம் ஒரே வேகத்தில் சுழலாது. ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை முந்தி, இரண்டு முறை பிந்தும். 17ஆம் நூற்றாண்டில் ஆங்கில அறிவியலாளர் ராபர்ட் ஹூக் ஆராய்ந்த இந்த இயல்பை எந்தத் தயாரிப்பாளராலும் ஒழிக்க முடியாது. சமன்செய்யத்தான் முடியும். முன்கிராஸ் கொடுக்கும் ஏற்றத்தாழ்வைப் பின்கிராஸ் அதே அளவில் எதிர்த்திசையில் கொடுத்தால் இரண்டும் கழிந்துபோகும். இதற்கு இரண்டு மூட்டுகளின் கோணமும் ஏறக்குறைய சமமாக, ஒரு டிகிரி வித்தியாசத்துக்குள் இருக்க வேண்டும். ஷாஃப்டின் இரு முனைக் கவைகளும் ஒரே நேர்க்கோட்டில் நிற்க வேண்டும்.

இந்த இரண்டு நிபந்தனைகளையும் அறியாமலே உடைக்கும் இரண்டு வழக்கங்கள் உள்ளன. ஒன்று, கூடுதல் பாரம் ஏற்றுவதற்காகப் பின்னால் ஸ்பிரிங் பட்டை சேர்ப்பது. பட்டை கூடினால் வண்டியின் பின்புறம் உயர்கிறது, ஷாஃப்டின் சரிவு மாறுகிறது, பின்மூட்டின் கோணமும் மாறுகிறது. வெறும் வண்டியாக வரும்போது உதறி, பாரம் ஏற்றினால் அடங்கும் பிக்கப்புகளில் பலவற்றுக்கு இதுவே காரணம். கிராஸை எத்தனை முறை மாற்றினாலும் அந்த உதறல் போகாது, புதுக் கிராஸும் விரைவில் தேயும். யூ போல்ட் தளர்ந்து ஆக்ஸில் முறுக்கிக்கொண்டாலும், பட்டை ஒடிந்து ஒரு பக்கம் தொய்ந்தாலும் இதே விளைவுதான். இரண்டாவது, கிராஸ் மாற்றும்போது அடையாளம் போடாமல் ஷாஃப்டைக் கழற்றுவது. சறுக்குப் பல்லில் ஓரிரு பல் தள்ளி மாட்டினாலே கவைகள் நேர்க்கோடு தப்பிவிடும். ‘கிராஸ் மாற்றியதிலிருந்துதான் உதறுகிறது’ என்று ஓட்டுநர் சொன்னால் முதலில் பார்க்க வேண்டிய இடம் அதுதான்.

பழுது நீக்கும் வேலை மலிவானதிலிருந்து தொடங்குவது நியாயம். ஷாஃப்டில் ஒட்டிக் காய்ந்த சேற்றைக் கழுவினாலே சில வண்டிகள் சரியாகிவிடும். குழாயில் நசுங்கல் உண்டா, பற்றவைத்த எடைத்தகடு விழுந்த தடம் உண்டா என்று பார்க்க வேண்டும். கையால் ஷாஃப்டை முறுக்கி, மேலும் கீழும் அசைத்தால் கிராஸின் ஆட்டம் தெரியும். மாற்றும்போது கப்புகளைச் சுத்தியலால் அடித்து இறக்கினால் உள்ளே ஓர் ஊசி சாய்ந்து விழும். அழுத்தி இறக்கும் பிரஸ்ஸில் செய்வதே சரி. நிப்பிள் உள்ள கிராஸுக்குக் கிரீஸ் அடிக்கும்போது நான்கு கப்பிலிருந்தும் புதுக் கிரீஸ் எட்டிப்பார்க்க வேண்டும். கோணத்தை அளக்க விலை மலிந்த கோணமானி போதும். பட்டைக்கும் ஆக்ஸிலுக்கும் இடையே ஆப்புத்தகடு வைத்துப் பினியனின் சாய்வைத் திருத்தலாம். எல்லாம் சரியாக இருந்தும் உறுமல் நீடித்தால் ஷாஃப்டைப் பேலன்சிங் இயந்திரத்தில் ஏற்றிச் சோதிக்க வேண்டும். ஷாஃப்டைக் கழற்றுமுன் சக்கரங்களுக்குக் கட்டை கொடுப்பது கட்டாயம். ஷாஃப்ட் இல்லாத வண்டியைக் கியரில் போட்டு நிறுத்தினாலும் நிற்காது, உருண்டுவிடும்.

அசட்டை செய்தால்

கிராஸ் ஓடும்போது உடைந்தால் இழுவை அற்றுப்போவதோடு முடிவதில்லை. சுழலும் குழாய் பிரேக் பைப்பையும் டீசல் டேங்கையும் அடித்து நொறுக்கக்கூடும். முன்முனை கழன்று சாலையில் ஊன்றிக்கொண்டால் வண்டியின் பின்புறமே தூக்கி எறியப்படும். கல்யாணத்துக்கும் கோயிலுக்கும் பிக்கப்பில் ஆளேற்றிப் போகும் பழக்கம் இந்த மாவட்டத்தில் இன்னும் ஒழியவில்லை. சரக்கு வண்டியில் சும்மா ஏறிவந்த பயணிக்கு இழப்பீடு தரும் கட்டாயம் இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கு இல்லை என்று உச்ச நீதிமன்றம் ஆஷா ராணி வழக்கில் கூறிவிட்டது. அந்தச் சுமை உரிமையாளர் தலையில்தான் விழும்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 190ஆவது பிரிவின்படி, தெரிந்த அல்லது சாதாரண கவனத்தால் தெரிந்திருக்கக்கூடிய ஆபத்தான குறையோடு வண்டி ஓட்டினால் 1,500 ரூபாய் வரை அபராதம். அதனால் விபத்து நேர்ந்து யாருக்காவது காயம் ஏற்பட்டால் மூன்று மாதம் வரை சிறையோ 5,000 ரூபாய் வரை அபராதமோ விதிக்கலாம். அதிக பாரத்துக்கு 194ஆவது பிரிவு 20,000 ரூபாயும் கூடுதல் டன் ஒவ்வொன்றுக்கும் 2,000 ரூபாயும் என்கிறது. தேய்மானமும் இயந்திரப் பழுதும் வழக்கமான மோட்டார் பாலிசியில் அடங்காது. எப்.சி. எனும் தகுதிச் சான்று வாங்கிவிட்டோம் என்பதும் காப்பு ஆகாது. அந்தச் சோதனையில் யாரும் கிராஸைக் கழற்றிப் பார்ப்பதில்லை.

உரிமை எங்கே தொடங்குகிறது

பிழைப்புக்காக வாங்கிய பிக்கப்புக்கு நுகர்வோர் சட்டம் செல்லுமா என்பது பலருக்கும் எழும் ஐயம். செல்லும், ஒரு நிபந்தனையோடு. வணிக நோக்கத்துக்கு வாங்கியவரை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 விலக்குகிறது. ஆனால் சுயதொழிலாகத் தன் பிழைப்புக்கு மட்டும் வாங்கிப் பயன்படுத்துபவரை விலக்கவில்லை. பழைய சட்டத்திலும் இருந்த இந்த விளக்கத்துக்கு உச்ச நீதிமன்றம் 1995இல் எல்லை வகுத்தது. லக்ஷ்மி இன்ஜினியரிங் ஒர்க்ஸ் என்ற நிறுவனம் கோவை பி.எஸ்.ஜி. இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிட்யூட் மீது தொடுத்த வழக்கு அது. வழக்குப் போட்ட நிறுவனம் தோற்றது. ஆனால் தீர்ப்பு ஓர் உதாரணம் தந்தது: லாரியை வாங்கித் தானே ஓட்டிப் பிழைப்பவர் நுகர்வோர். துணைக்கு ஓரிருவரை வைத்துக்கொண்டாலும் அவர் நுகர்வோராகவே இருப்பார். முழுக்க வேறொருவர் ஓட்டுவதற்காகவே வாங்கிவிட்ட வண்டியின் உரிமையாளருக்கு இந்தக் கதவு திறப்பது கடினம். எனவே ஓட்டுநர் உரிமமும் பெர்மிட்டும் தன் பெயரில் இருப்பதைக் காட்டும் நகல்களைப் புகாரோடு சேர்ப்பது நல்லது.

புது வண்டியில் உதறல் என்றால் எதைக் கேட்கலாம்? 2006இல் மாருதி உத்யோக் – சுஷீல் குமார் கப்கோத்ரா வழக்கில், வாரண்டியின் கடமை குறையுள்ள பாகத்தைச் சரிசெய்வதோ மாற்றுவதோதான், முழு வண்டியை மாற்றுவதல்ல என்று உச்ச நீதிமன்றம் கூறியது. எஞ்சின் சத்தம் பற்றிய சி.என். அனந்தராம் – ஃபியட் வழக்கில் தனி நிபுணரின் சோதனையையே தீர்வுக்கு அடிப்படையாக்கியது. ‘பிறவிக் குறை’ என்று வாயால் சொல்வது போதாது, நிபுணர் அறிக்கை வேண்டும் என்பதே இவற்றிலிருந்து தெரிவது. நுகர்வோர் சட்டத்தின் 38ஆவது பிரிவு, சோதனையின்றிக் குறையைத் தீர்மானிக்க முடியாதபோது ஆணையமே ஆய்வகத்துக்கு அனுப்ப வழிசெய்கிறது. அதன் கட்டணத்தைப் புகார்தாரர் முதலில் கட்ட வேண்டியிருக்கும்.

வெளிப் பட்டறையில் கைவைத்ததால் முழு வாரண்டியும் போய்விட்டது என்று ஷோரூம் சொன்னால் அப்படியே ஏற்க வேண்டியதில்லை. இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் 14 கார் நிறுவனங்களுக்கு எதிராக இட்ட ஆணையில், அத்தகைய ஒட்டுமொத்த ரத்து கூடாது என்றது. வெளியாளின் தவறான வேலையால் வந்த சேதத்துக்கு மட்டும் பொறுப்பை மறுக்கலாம் என்றது. அந்த ஆணை மேல்முறையீடுகளைச் சந்தித்தது என்றாலும் கேள்வி கேட்க அது இடம் தருகிறது. பட்டை சேர்த்திருந்தால் கதை வேறு. அப்போது நிறுவனத்தின் மறுப்புக்கு வலு உண்டு.

பட்டறை தரப்பில், பில் தர மறுப்பதே முறையற்ற வணிகம் என்று நுகர்வோர் சட்டம் வரையறுக்கிறது. மாற்றிய பழைய கிராஸையும் பேரிங்கையும் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு முறையும் ஜாப் கார்டில் ‘வைப்ரேஷன்’ என்று ஒற்றைச் சொல்லாக எழுத விடாமல், “65 கிலோமீட்டரில், ஐந்தாம் கியரில், வெறும் வண்டியில், மிதிக்கும்போது” என்று எழுதச் சொல்லி நகல் பெற வேண்டும். நுகர்வோர் ஆணையம் பிரமாணப் பத்திரத்தையும் ஆவணங்களையும் வைத்தே விசாரிக்கிறது. ஒரே குறைக்காக நான்கு முறை வந்த வண்டி என்பதை நான்கு ஜாப் கார்டுகள் சொல்லிவிடும்.

வழக்குக்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியலாம். அதில் தீராவிட்டால், வண்டியைத் திருச்சியில் வாங்கியிருந்தாலும் விராலிமலையில் குடியிருப்பவர் புதுக்கோட்டை மாவட்ட ஆணையத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். கொடுத்த விலை 50 லட்சம் வரை இருந்தால் மாவட்ட ஆணையம் போதும். ஐந்து லட்சம் வரை வழக்குக் கட்டணமில்லை. ஐந்திலிருந்து பத்து லட்சம் வரை 200 ரூபாய், பத்திலிருந்து இருபது லட்சம் வரை 400 ரூபாய். குறை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். வக்கீல் கட்டாயமில்லை, இணையவழியிலும் தாக்கல் செய்யலாம். எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் கிடைத்ததிலிருந்து மூன்று மாதம், சோதனை தேவைப்பட்டால் ஐந்து மாதம் என்பது தீர்ப்புக்குச் சட்டம் வைத்த கெடு. தீர்ப்பு பிடிக்காதவர் 45 நாளுக்குள் மாநில ஆணையத்தை அணுகலாம்.

ஒரே மாடலில் பலருக்கும் ஷாஃப்ட் குறை இருந்தால் இன்னொரு வழியும் உண்டு. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019 திருத்தம் சேர்த்த 110ஏ பிரிவு, ஆபத்தான குறையுள்ள வண்டிகளைத் திரும்ப அழைக்கும்படி தயாரிப்பாளருக்கு உத்தரவிட மத்திய அரசுக்கு அதிகாரம் தருகிறது. அதற்கான விதிகள் 2021 ஏப்ரலிலிருந்து நடப்பில் உள்ளன. ஏழு ஆண்டுக்கு உட்பட்ட வண்டியின் உரிமையாளர் வாகன் இணையதளத்தில் குறையைப் பதியலாம். புகார்கள் விதியில் சொன்ன எண்ணிக்கையை எட்டினால்தான் விசாரணை நடக்கும் என்பதால், ஒரே மாடல் வைத்திருப்பவர்கள் ஸ்டாண்டில் பேசி அவரவர் பெயரில் தனித்தனியாகப் பதிவது பலன் தரும். திரும்ப அழைக்கப்பட்ட வண்டியின் பழுதைத் தயாரிப்பாளர் தன் செலவிலேயே நீக்கித்தர வேண்டும்.