ஆன்டிவைரஸ் போட்டதும் லேப்டாப் நின்னுடுச்சா? பர்ஸைத் திறக்கிறதுக்கு முன்னாடி இதைப் படிங்க



சில வருஷத்துக்கு முன்னாடி, ஜூலை 28 ராத்திரி. ஐடிஆர் சீசன். எந்த சிஏ-வுக்கும் ஒழுங்கான தூக்கம் இல்லாத வாரம். "இத்தனை பேரோட பான், பேங்க் விவரம் நம்ம லேப்டாப்ல இருக்கே, பத்திரமா இருக்கட்டும்"னு புதுசா ஒரு ஆன்டிவைரஸ் வாங்கிப் போட்டேன். ஏற்கெனவே வேற ஒண்ணு உள்ளே ஓடிட்டு இருந்ததை மறந்தே போயிட்டேன். ரீஸ்டார்ட் பண்ணச் சொல்லுச்சு, பண்ணேன். கறுப்புத் திரை. அதோட சரி.

பதட்டத்துல ஃபோன்ல கஸ்டமர் கேர் நம்பர் தேடி, முதல்ல வந்த நம்பருக்கே கூப்பிட்டேன். ரொம்ப மரியாதையா பேசினார். "சார், உங்க சிஸ்டத்தை ஹேக் பண்ணிட்டாங்க. 4,999 ரூபாய் கட்டுங்க, ஃபோன்ல ஒரு ஆப் போடுங்க, பத்து நிமிஷத்துல சரி பண்ணிடறோம்." டவுன்லோட் பட்டன் வரைக்கும் விரல் போயிடுச்சு. அப்பதான் தோணுச்சு: கெட்டது லேப்டாப், ஃபோன்ல எதுக்கு ஆப்? கட் பண்ணிட்டேன்.

அன்னைக்குக் கத்துக்கிட்டது இதுதான். லேப்டாப் நின்னதால பணம் போறதில்லை. நின்ன அடுத்த ஒரு மணி நேரத்துல நாம எடுக்கிற முடிவுலதான் போகுது.

பாதுகாக்க வந்ததே ஏன் நிறுத்துது?

ஆன்டிவைரஸ் மத்த ஆப் மாதிரி மேலோட்டமா ஓடுறது இல்லை. விண்டோஸோட அடி மையத்துல, கெர்னல்னு சொல்ற இடத்துல உட்கார்ந்து, திறக்கிற ஒவ்வொரு ஃபைலையும் சோதிக்கும். அங்க ஒரு சின்னத் தப்பு நடந்தாலும் மொத்த சிஸ்டமும் நின்னுடும். ரெண்டு ஆன்டிவைரஸ் ஒரே நேரத்துல ஓடினா, ஒரே வாசல்ல ரெண்டு வாட்ச்மேன் நின்னு ஒருத்தரை ஒருத்தர் தடுக்கிற கதைதான்.

பெரிய கம்பெனிக்கும் இது நடக்கும். 2024 ஜூலை 19, நம்ம நேரப்படி காலை சுமார் 9.40 மணி. கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரு அப்டேட்ல பிழை இருந்தது. 78 நிமிஷத்துல திரும்ப எடுத்துட்டாங்க. அதுக்குள்ள சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் நீலத்திரையோட நின்னுடுச்சுன்னு மைக்ரோசாஃப்ட் கணக்கு சொன்னது. நம்ம ஊர் ஏர்போர்ட்டுகள்ல போர்டிங் பாஸைக் கையால எழுதிக் கொடுத்தாங்க. அது வைரஸும் இல்லை, ஹேக்கிங்கும் இல்லை. அதனால இப்படி ஆனதும் "ஹேக் ஆயிடுச்சு"ன்னு யார் பயமுறுத்தினாலும் நம்பாதீங்க.

செலவில்லாத வழி முதல்ல

ஆபீஸ் லேப்டாப்பா? எதையும் தொடாதீங்க, ஐடி டீமைக் கூப்பிடுங்க. கீழே சொல்றதெல்லாம் உங்க சொந்த விண்டோஸ் லேப்டாப்புக்கு மட்டும்.

1. அரை மணி நேரம் பொறுங்க. புதுசா போட்டதும் முதல் தடவை மெதுவா திறக்கலாம். பென் டிரைவ், பிரிண்டர் எல்லாத்தையும் கழட்டிடுங்க.

2. சேஃப் மோட்ல திறங்க. ஆன் பண்ணி விண்டோஸ் லோகோ வரும்போது பவர் பட்டனைப் பத்து செகண்ட் அழுத்தி ஆஃப் பண்ணுங்க. இப்படி ரெண்டு மூணு தடவை செஞ்சா ரிப்பேர் திரை தானா வரும். அங்க ட்ரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்டப் செட்டிங்ஸ், ரீஸ்டார்ட். பட்டியல் வந்ததும் 4-ஐ அழுத்துங்க. சேஃப் மோட்ல வெளி ஆன்டிவைரஸ் பெரும்பாலும் ஓடாது.

3. கடைசியா போட்டதை நீக்குங்க. செட்டிங்ஸ்ல ஆப்ஸ் பகுதிக்குப் போய் அன்இன்ஸ்டால் பண்ணிட்டு ரீஸ்டார்ட் பண்ணுங்க. நீங்க மாட்டேங்குதா? பல ஆன்டிவைரஸ் கம்பெனிகள் அதுக்குன்னே தனி ரிமூவல் டூல் இலவசமா வெச்சிருக்காங்க. அவங்க சொந்த வெப்சைட்ல இருந்து மட்டும் எடுங்க.

4. சிஸ்டம் ரீஸ்டோர். சேஃப் மோடே வரலைன்னா அதே ரிப்பேர் திரையில இது இருக்கும். ரீஸ்டோர் பாயின்ட் இருந்தா பழைய தேதிக்குப் போயிடலாம். உங்க டாக்குமென்ட், போட்டோ எதையும் இது தொடாது.

நடுவுல 48 இலக்க பிட்லாக்கர் கீ கேட்டா பயப்படாதீங்க. புது லேப்டாப் பலதுல டிஸ்க் பூட்டியே இருக்கும். ஃபோன்ல உங்க மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்டைத் திறந்து பாருங்க, கீ பெரும்பாலும் அங்கே சேமிச்சிருக்கும்.

நான் மறுநாள் காலையில இரண்டாவது, மூணாவது படியோட முடிச்சிட்டேன். ஆன செலவு பூஜ்யம்.

பணம் ஓடிப்போற நாலு இடம்

போலி ஹெல்ப்லைன். தேடினதும் மேல வர்ற விளம்பர நம்பரை நம்பாதீங்க. பில்லுல, ஒரிஜினல் வெப்சைட்ல இருக்கிற நம்பருக்கு மட்டும் கூப்பிடுங்க. திரையைப் பகிர்ற ஆப்பைப் போட்டா உங்க ஓடிபி-யும் அவங்க கண்ணுக்குத் தெரியும். ஏமாந்துட்டீங்கன்னா வெட்கப்படாம உடனே பேங்க்குக்கும் 1930-க்கும் கூப்பிடுங்க. ஒவ்வொரு நிமிஷமும் முக்கியம்.

ஆட்டோ ரினியூவல். சாஃப்ட்வேரை நீக்கிட்டா சந்தா நின்னுடாது! யுபிஐ ஆப்ல ஆட்டோபே பகுதியையும், கார்டுல இ-மேன்டேட்டையும் பார்த்து ரத்து பண்ணுங்க. 15,000 ரூபாய் வரைக்கும் ஓடிபி இல்லாமலே அடுத்த தவணை போகும். ஒரு நாள் முன்னாடி மெசேஜ் மட்டும்தான் வரும். ரீஃபண்ட் காலம் இருக்கான்னும் பாருங்க. நான் ஒரு மெயில்தான் போட்டேன், முழுப் பணமும் திரும்ப வந்துச்சு.

அவசர ரீசெட். "ரிமூவ் எவ்ரிதிங்" கொடுத்தா ஃபைல் எல்லாம் போயிடும். கடையில "ஃபார்மேட் பண்ணிடலாம்"னு சொன்னா, டேட்டாவை முதல்ல காப்பி எடுக்கச் சொல்லுங்க. ரேட்டையும் முன்கூட்டியே கேட்டுக்கோங்க. வாரண்டி இருந்தா பிரிக்கவே விடாதீங்க.

புது லேப்டாப் இஎம்ஐ. சாஃப்ட்வேர் பிரச்சினைக்கு ஹார்டுவேர் வாங்காதீங்க. நோ காஸ்ட் இஎம்ஐ-ன்னாலும் பிராசஸிங் ஃபீ, வட்டிப் பகுதி மேல ஜிஎஸ்டின்னு கார்டு பில்லுல வந்து நிக்கும்.

"நாளைக்குக் கடைசி நாள் சார்!"

உங்க ரிட்டர்ன் உங்க லேப்டாப்ல இல்லை. போர்ட்டல்ல சேவ் பண்ண டிராஃப்ட் அப்படியே அங்க இருக்கும். நண்பரோட லேப்டாப்லயோ, உங்க ஃபோன் பிரவுசர்லயோ லாகின் பண்ணித் தொடரலாம். ஃபார்ம் 16-ஐ ஹெச்ஆர் திரும்ப அனுப்புவாங்க. 26ஏஎஸ், ஏஐஎஸ் ரெண்டும் போர்ட்டல்லயே இருக்கு. பிரவுசிங் சென்டர்ல மட்டும் பாஸ்வேர்ட் சேவ் பண்ணாதீங்க, லாக்அவுட் பண்ண மறக்காதீங்க.

ஏன் இவ்வளவு சொல்றேன்னா, தேதி தாண்டினா தாமதக் கட்டணம் 5,000 ரூபாய், வருமானம் 5 லட்சத்துக்குள்ள இருந்தா 1,000. அதை விடப் பெருசு, சம்பளக்காரங்க அந்த வருஷத்துக்குப் பழைய வரி முறையைத் தேர்வு செய்ய முடியாது. ஹெச்ஆர்ஏ, 80சி எல்லாம் கையை விட்டுப் போயிடும். லேப்டாப் ரிப்பேரை விட அதிகமான காசு அது.

இன்னைக்கே பத்து நிமிஷம் ஒதுக்குங்க

விண்டோஸோட வர்ற டிஃபெண்டர் வீட்டு உபயோகத்துக்குப் பெரும்பாலானவங்களுக்குப் போதும். வேற வேணும்னா ஒண்ணே ஒண்ணு போடுங்க, பழசை நீக்கிட்டு. பிட்லாக்கர் கீயை ஒரு பேப்பர்ல எழுதி வைங்க. ஃபார்ம் 16, முதலீட்டு ரசீதுகளுக்கு வெளியில ஒரு காப்பி வைங்க. கடைசி வாரத்துல புது சாஃப்ட்வேர் எதுவும் போடாதீங்க.

சேஃப் மோட் படிகளை இந்த வார வீடியோவுல செஞ்சே காட்டியிருக்கேன். லேப்டாப் நல்லா ஓடும்போதே ஒரு தடவை பார்த்து வெச்சுக்கோங்க. நின்ன பிறகு வீடியோ பார்க்கிற பொறுமை யாருக்கும் இருக்காது, எனக்கும் இல்லை!