பயிர் இழப்பும் அரசின் துணையும்

உழைப்பு உழவன் கையில் உள்ளது. விளைவோ வானத்தின் கையில் உள்ளது. மழை பொய்த்தாலும், அளவின்றிப் பெய்தாலும் ஓராண்டு முயற்சி பாழாகும். அந்நிலையில் உழவனைத் தாங்குதல் அரசின் கடமையாகும். ஆயினும் பொருள் வழங்குதல் எளிது; இழந்தவனை அறிந்து, இழப்பின் அளவறிந்து வழங்குதலே அரிது. இவ்வுண்மையை அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வரலாற்றால் நன்கு அறியலாம்.

அந்நாட்டு மாநிலங்கள் பெரும்பாலும் 'கவுண்டி' என்னும் ஆட்சிப் பிரிவுகளாகப் பகுக்கப்பட்டுள்ளன. ஓக்லகோமா மாநிலத்தின் மேற்குக் கோடியிலுள்ள சிமரான் கவுண்டி அவற்றுள் ஒன்று. 2020-ஆம் ஆண்டுக் கணக்கின்படி அங்கு வாழ்வோர் ஏறத்தாழ 2,300 பேரே. அப்பகுதியின் புல்வெளிகளைக் கோதுமைக்காக உழுது திருத்தினர். 1930-களில் மழை பொய்க்கவே, வேர்ப்பிடிப்பு இழந்த மண் புழுதிப் புயலாய் எழுந்தது. 1935 ஏப்ரல் 14 அன்று வீசிய புயல் பகலை இரவாக்கியது. அந்நாளைக் 'கறுப்பு ஞாயிறு' என்று இன்றும் கூறுவர். குடிகள் பலர் ஊரைவிட்டு வெளியேறினர்.

இத்துயரைக் கண்ட அரசு, 1938-இல் பயிர்க் காப்பீட்டுச் சட்டம் இயற்றியது. தொடக்கத்தில் கோதுமைக்கு மட்டுமே காப்பீடு கிடைத்தது. 1973-இல் இயற்றிய மற்றொரு சட்டம், கோதுமை, பருத்தி முதலியவற்றைப் பயிரிட்டோருக்குக் கட்டணம் பெறாமலே இழப்பீடு வழங்க வழிசெய்தது. நோக்கம் நன்றே, எனினும், மழை குறைந்த நிலத்திலும் துணிந்து விதைக்க அது தூண்டுகிறது என்னும் குறை எழுந்தது. ஆகவே, 1980-ஆம் ஆண்டுச் சட்டம் காப்பீட்டை முதன்மையாக்கியது. காப்பீட்டுக் கட்டணத்தின் ஒரு பகுதியை அரசே ஏற்றது.

காப்பீடு கிடைக்காத பயிர்களுக்கு 1994-ஆம் ஆண்டுச் சட்டம் தனித்திட்டம் வகுத்தது. அதன் அடிப்படை முறையை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். ஒருவன் நிலத்தில் 100 மூட்டை விளைய வேண்டும்; 30 மூட்டையே விளைந்தது எனக் கொள்வோம். இழப்பு 70 மூட்டை. அவற்றுள் 50 மூட்டை இழப்பை உழவனே தாங்குவான். எஞ்சிய 20 மூட்டைக்குச் சராசரிச் சந்தை விலையில் நூற்றுக்கு 55 பங்கு வீதம் அரசு வழங்கும். எனவே இவ்வுதவி இழப்பு முழுவதையும் ஈடுசெய்வதன்று. உழவன் அடுத்த பருவத்தில் மீண்டும் ஏர் பூட்டுவதற்குக் கைகொடுப்பதே ஆகும்.

இதனைப் பெற, உழவன் உரிய காலத்தில் திட்டத்தில் சேர்ந்திருத்தல் வேண்டும். விதைத்த பரப்பையும் விளைந்த அளவையும் பதிவு செய்தல் வேண்டும். இழப்பு புலப்பட்ட 15 நாள்களுக்குள் பொதுவாக அறிவித்தலும் வேண்டும். கவுண்டிதோறும் உழவர்கள் தம்முள் தேர்ந்தெடுக்கும் குழுவினர் இத்தகைய திட்டங்களை நடத்துவதில் பங்கு கொள்கின்றனர். மண்ணின் இயல்பையும் மழையின் போக்கையும் அறிந்தவர்கள் ஆதலின், மெய்யான இழப்பையும் பொய்யான முறையீட்டையும் அவர்களால் பிரித்தறிய இயலும்.

கணக்கு எழுதாதவன் உண்மையாகவே இழந்திருப்பினும் உதவியின்றி நிற்க நேரும். பொய்க் கணக்கு எழுதுபவனோ, பொதுமக்களின் வரிப்பணத்தையும் நேர்மையான உழவனின் நற்பெயரையும் ஒருங்கே கெடுக்கிறான். பயிரைக் காப்பதற்கு வேலி எத்துணை இன்றியமையாததோ, உழவனைக் காக்கும் உதவிக்கு உண்மைக் கணக்கும் அத்துணை இன்றியமையாதது.