பேச்சு வேறு, பிறப்பு ஒன்று

ஸ்ரீ ராமாநுஜர் அவதரித்த ஸ்தலம் ஸ்ரீபெரும்புதூர் என்பதை நேயர்கள் அறிவார்கள். இன்று அவ்வூரையும் ஒரகடத்தையும் சுற்றி, மோட்டார் வண்டிகளும் கைபேசிகளும் செய்யும் தொழிற்சாலைகள் நிறைந்திருக்கின்றன. பல ஜில்லாக்களிலிருந்தும் அயல் மாநிலங்களிலிருந்தும் இளைஞரும் யுவதிகளும் வேலை நாடி அங்கே கூடியிருக்கின்றனர்.

நெல்லைப் பெண் "பைய வா" என்கிறாள். கன்னியாகுமரிப் பையன் "சொல்" என்பதற்குப் "பறை" என்கிறான். கேட்பவர் நகைக்கின்றனர். நகைப்புக்கு அஞ்சித் தாயிடம் கற்ற பேச்சை மறைத்துக்கொள்வோரும் உண்டு. இந்த நகைப்பிற்கு நியாயம் உண்டா?

'பைய' என்பது நம் பழைய இலக்கியத்தில் பயின்ற சொல். 'பறை' என்பதோ யாழ்ப்பாணத்திலும் வழங்குகிறது. மலையாளத்தில் அதுவே அன்றாடச் சொல். கொச்சை என்று நாம் ஒதுக்குவது பல சமயங்களில் பழமையே.

சகோதர பாஷைகளையும் நோக்குவோம். தெலுங்கர் வீட்டை 'இல்லு' என்பர். கன்னடியர் 'மனெ' என்பர். மலையாளிகள் 'வீடு' என்பர். இல், மனை, வீடு மூன்றும் தமிழில் உள்ளனவே! நாம் 'செவி' என்பதைக் கன்னடியர் 'கிவி' என்பர். நீலகிரிக் கோத்தர் 'கெவ்' என்பர். ககரமே மூத்தது, சகரம் பின்னர் விளைந்தது என்பது மொழி நூலார் முடிபு. ஆனால் நமது 'பால்' கன்னடத்தில் 'ஹாலு' ஆயிற்று. இங்கே பழமையைக் காத்தது தமிழ். ஆகவே எல்லாவற்றையும் காத்த பாஷையும் இல்லை, எல்லாவற்றையும் இழந்த பாஷையும் இல்லை.

இத்தாலியைச் சேர்ந்த ஸார்டீனியா தீவிலும் இதே கதைதான். லத்தீனில் நூறு என்னும் சொல் ககரத்தில் தொடங்கியது. தீவின் நடுப்பகுதியார் இன்றும் 'கென்த்து' என்கின்றனர். தென்பகுதியாரோ இத்தாலியரைப் போலச் சகரமாக்கிவிட்டனர். வீட்டுக்கு இத்தாலியரும் ஸ்பானியரும் 'காஸா' என்க, தீவினர் 'தோமுஸ்' என்னும் லத்தீன் சொல்லையே சிறிது திரித்து வழங்குகின்றனர். நாவைக் குறிக்கும் 'லிங்குவா' மட்டும் அங்கே 'லிம்பா' ஆயிற்று. தொலைவிலுள்ள ருமேனியரும் ஏறக்குறைய அவ்வாறே சொல்வர். 1999-ஆம் ஆண்டில் இத்தாலியச் சட்டம் ஸார்டீனிய மொழிக்கு அங்கீகாரம் அளித்தது.

நம் பாஷைகள் ஒரு குலத்தவை என்பதைச் சென்னையில் கலெக்டராயிருந்த எல்லிஸ் துரை 1816-லேயே எடுத்துக் காட்டினார். 1856-இல் கால்ட்வெல் ஒப்பிலக்கணம் இயற்றி அதனை விரித்துரைத்தார். அவர்கள் ஏட்டில் ஒப்பிட்டுக் கண்ட உறவு, இன்று தொழிற்சாலை வாயிலில் நம் செவியிலேயே விழுகிறது.

பரீட்சையில் பிள்ளைகள் செந்தமிழே எழுதட்டும். அது நம் அனைவருக்கும் பொது. வீட்டுப் பேச்சையும் அவர்கள் நாணமின்றிப் பேசட்டும். அயலூரார் சொல் புதிதாய்ப் பட்டால் நகைக்க வேண்டாம், பொருளைக் கேட்டறிவோம். நாம் இழந்த சொல் ஒன்று அவர் வீட்டில் பத்திரமாக இருக்கக்கூடும்.